செயற்பாட்டாளர் பயிலரங்குகள்: ஹைலாண்டரும் நாஷ்வில்லும் தந்த பாடங்கள்

சமூக நீதிக்காகவும் அமைதிக்காகவும் உழைப்பவர்கள் சில நாள்கள் ஓரிடத்தில் தங்கி, தத்தம் ஊர்ச் சிக்கலை எடுத்துவைத்துப் பேசி, அடுத்துச் செய்யவேண்டியதை ஒத்திகை பார்த்துவிட்டுத் திரும்பும் கூடலே செயற்பாட்டாளர் பயிலரங்கு. மாநாட்டில் மேடை உண்டு, தீர்மானம் உண்டு. வந்தவர்களுக்குக் கைதட்டுவதுதான் வேலை. பயிலரங்கில் வந்தவர்களே பாடம். இந்த வேறுபாட்டைப் பேச்சளவில் எல்லா அமைப்பாளர்களும் ஒப்புக்கொள்வார்கள். நிகழ்ச்சி நிரல் அச்சாகி வரும்போதோ முதல் நாள் முழுவதும் வாழ்த்துரையும் சிறப்புரையுமாக நிரம்பியிருக்கும்.

இவ்வகைப் பயிலரங்குகளின் அனுபவம் விரிவாகப் பதிவான களம் அமெரிக்காவின் தென்மாநிலங்கள். டென்னசி மாநிலத்தின் மலைப்பகுதியில், மாண்டீகிள் அருகே, மைல்ஸ் ஹார்ட்டனும் டான் வெஸ்ட்டும் 1932இல் ஹைலாண்டர் மக்கள் பள்ளியைத் தொடங்கினார்கள். டென்மார்க்கின் மக்கள் உயர்நிலைப் பள்ளிகளை நேரில் பார்த்துவிட்டு வந்தவர் ஹார்ட்டன். சுரங்கத் தொழிலாளர்களும் மரம் வெட்டுவோரும் வாழ்ந்த வறிய வட்டாரம் அது. தேர்வு, மதிப்பெண், சான்றிதழ் எதுவும் அங்கே இல்லை. முதல் இருபது ஆண்டுகள் தொழிற்சங்க ஊழியர்களுக்கும், 1953க்குப் பிறகு நிறவெறிக்கு எதிராகப் போராடியவர்களுக்கும் அது பயிற்சிக் களமாக இருந்தது. ஹார்ட்டனும் அவருடைய தோழர்களும் தொடக்கத்தில் தாங்கள் கல்லூரியில் படித்ததை மக்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே முயன்றார்கள். வந்தவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், ஆனால் ஊருக்குப் போய் எதையும் செய்யவில்லை. அதற்குப் பிறகே முறை மாறியது.

யாரை அழைப்பது என்பதில்தான் பயிலரங்கின் பாதி வெற்றி அடங்கியிருக்கிறது. தலைவர்களை அழைத்தால் அறிக்கை கிடைக்கும்; ஊரில் பலர் நம்பி வந்து பேசுகிற ஒருவரை அழைத்தால் வேலை நடக்கும். தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவிலிருந்து 1954இல் ஹைலாண்டருக்கு வந்த ஈசா ஜென்கின்ஸ் அப்படிப்பட்டவர். தீவு மக்களைச் சார்ல்ஸ்டன் நகரத்து வேலைக்குத் தம் பேருந்தில் ஏற்றிச்சென்று திரும்ப அழைத்துவருவது அவர் தொழில். நாள்தோறும் இரண்டு வேளை ஊர்ப் பேச்சு முழுவதும் அந்த வண்டிக்குள் நடந்தது. அவரை ஹைலாண்டருக்கு அழைத்துவந்தவர் அத்தீவில் முன்பு ஆசிரியராக இருந்த செப்டிமா கிளார்க். ஏற்கெனவே ஒருமுறை வந்துபோனவர் கைப்பிடித்து அழைத்துவரும் ஆள் பெரும்பாலும் சரியான ஆளாகவே இருப்பார். பொது அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பித்து வருகிறவர்களில் பயிலரங்கு விட்டுப் பயிலரங்கு போவதையே பழக்கமாகக் கொண்டவர்களும் கலந்திருப்பார்கள்.

ஒரே ஊரிலிருந்து இருவர் மூவராக வருவது நல்லது. தனியாக வருபவர் புதிய எண்ணங்களோடு திரும்பிப் போய், பகிர ஆளில்லாமல் ஒரு மாதத்தில் அடங்கிவிடுவார். பயணச் செலவையும், வேலைக்குப் போகாததால் இழக்கும் கூலியையும் முன்கூட்டியே கணக்கில் எடுக்க வேண்டும். மாண்ட்கோமரி நகரப் பல்பொருள் அங்காடி ஒன்றில் தையல் வேலை பார்த்த ரோசா பார்க்ஸ் 1955 கோடையில் ஹைலாண்டரில் இரு வாரம் தங்க முடிந்ததற்குக் காரணம், அவருடைய பயணச் செலவுக்கு நண்பர்கள் வழிசெய்ததுதான். தேதி குறிக்கும்போதும் இதே கணக்குத்தான். ஜான்ஸ் தீவில் பின்னர் தொடங்கிய எழுத்தறிவு வகுப்புகள் பனிக்காலத்தில், வயல் வேலை ஓய்ந்திருக்கும் மாதங்களில் நடந்தன. அமைப்பாளருக்கு வசதியான தேதி உழைப்பாளிக்கு அறுவடை நாளாக இருக்கலாம்.

இடமும் சமையலறையும் பயிற்சியின் பகுதியே. டென்னசியில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பள்ளியில் படிப்பதை அன்றைய சட்டம் தடுத்தது. ஹைலாண்டரில் அவர்கள் ஒரே மேசையில் உண்டு, ஒரே கூரையின் கீழ் உறங்கி, ஒரே ஏரியில் நீந்தினார்கள். இரு இனத்தாரையும் எப்படிச் சேர்ந்து உண்ண வைத்தீர்கள் என்று கேட்டவர்களிடம், சாப்பாட்டைச் சமைத்து மேசையில் வைத்துவிட்டு மணியடித்தோம் என்று ஹார்ட்டன் பதில் சொன்னதுண்டு. விளையாட்டாகச் சொன்னதுபோல் இருந்தாலும் அதில் ஒரு கொள்கை இருந்தது. சமத்துவத்தைப் பற்றி உரையாற்றிவிட்டு உணவுக்குப் போவதைவிட, உரையே இல்லாமல் சேர்ந்து உண்பது ஆழமாகப் பதியும். வெள்ளையர் சமைக்கும் காலையுணவின் மணத்தோடு விழித்தெழுந்தது தனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தந்தது என்பதை ரோசா பார்க்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அமர்வுகளுக்கு வெளியே கிடைத்த அந்த மணமும் அவர் நினைவில் நின்றது என்பதை நிகழ்ச்சி நிரல் தயாரிப்பவர்கள் கவனிக்க வேண்டும். சமையலையும் பாத்திரம் கழுவுவதையும் முறைவைத்து எல்லோரும் செய்யும் கூடலில், யார் உட்கார்ந்திருக்கிறார், யார் எழுந்து ஓடுகிறார் என்பது இரண்டாம் நாளே எல்லோர் கண்ணிலும் படும். பெண்கள் மட்டும் சமையலறைக்குள் நுழைகிற பயிலரங்கில் பெண்ணுரிமை பற்றித் தனியாக ஓர் அமர்வு வைப்பதில் பொருளில்லை.

ஹைலாண்டரில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள், அவையும் ஆடும் நாற்காலிகள். வட்டத்தில் முதல் வரிசை இல்லை, கடைசி வரிசையும் இல்லை. முதல் அமர்வில் ஒவ்வொருவரும் தம் ஊரையும், அங்கே தாம் எதிர்கொள்ளும் சிக்கலையும் சொல்வார்கள். இதற்கு அரை நாள் பிடிக்கும். அமைப்பாளர்கள் பதைபதைத்துச் சுருக்கப் பார்ப்பது இந்த இடத்தில்தான். ஆனால் பின்னால் வரும் அமர்வுகளுக்கு வேண்டிய சரக்கு முழுவதும் இந்த அரை நாளில்தான் கிடைக்கிறது. எல்லோரும் உடனே வாய் திறந்துவிட மாட்டார்கள். ரோசா பார்க்ஸே முதல் சில நாள்கள் அதிகம் பேசவில்லை என்று செப்டிமா கிளார்க் எழுதியிருக்கிறார். இங்கே பேசியது ஊருக்கு எட்டினால் வேலை போகும், அதற்கு மேலும் நேரலாம் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. இரவில் படுக்கையறையில், பெண்களுக்குள்ளான பேச்சில்தான் அவர் மனம் திறந்தார். ஆகவே நிரலில் வெற்று நேரம் வேண்டும். மாலைப் பொழுதையும் உரைகளால் நிரப்பிவிட்டால் இப்படிப்பட்ட பேச்சுக்கு இடமே இருக்காது.

ஜென்கின்ஸ் கலந்துகொண்ட பயிலரங்கின் தலைப்பு உலகப் பிரச்சினைகளும் ஐக்கிய நாடுகள் அவையும். ஊருக்குத் திரும்பி என்ன செய்வீர்கள் என்ற கேள்வி வந்தபோது அவர் ஐ.நா.வைப் பற்றிப் பேசவில்லை. வாக்காளராகப் பதிவு செய்ய மாநில அரசமைப்புச் சட்டத்தின் பகுதியை வாசித்துக்காட்ட வேண்டும். தம் தீவு மக்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தம் பேருந்தில் வரும் ஒரு பெண் தமக்குச் சொல்லித்தரக் கேட்கிறார். இதற்கு உதவ முடியுமா என்று கேட்டார். அமைப்பாளர்கள் தங்கள் தலைப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவைதான், வாக்காளராகப் பதிவு செய்ய மக்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தந்த குடியுரிமைப் பள்ளிகள்.

வழிநடத்துபவரின் வேலை விடை சொல்வது அல்ல என்பதில் ஹார்ட்டன் பிடிவாதமானவர். ஒரு வேலைநிறுத்தம் முறியும் கட்டத்தில், அடுத்து என்ன செய்வதென்று நீயே சொல் என்று போராட்டக் குழுவினர் அவரை நெருக்கினார்கள். அவர் மறுத்தபோது ஒருவர் துப்பாக்கியையே எடுத்துவிட்டார். அப்போதும் அவர் சொல்லவில்லை. இந்த நிகழ்ச்சியைத் தம் தன்வரலாற்றில் அவரே விவரித்திருக்கிறார். ஒருமுறை முடிவைச் சொல்லிவிட்டால் அடுத்த முடிவுக்கும் தம்மையே தேடி வருவார்கள் என்பது அவர் வாதம். எல்லாச் சூழலுக்கும் இது பொருந்துமா என்பது ஐயம்தான். கைதானால் பிணை எடுப்பது எப்படி, எந்தச் சட்டப்பிரிவு என்ன சொல்கிறது போன்றவற்றில் தெரிந்தவர் நேராகச் சொல்லிவிடுவதே நல்லது. தகவலை மறைத்துக்கொண்டு கேள்வியாகவே திருப்பிப் போடும் வழிநடத்துனர் எல்லோருக்கும் எரிச்சலூட்டுவார். ஆனால் என்ன செய்வது, எப்போது செய்வது என்ற முடிவு, அதன் விளைவைத் தாங்கப் போகிறவர்களுடையது. வல்லுநர் ஒருவரை அழைத்தால், மக்கள் தங்கள் கேள்விகளை உருவாக்கிக்கொண்ட பிறகு அழைக்க வேண்டும். அவர் பேச்சு அந்தக் கேள்விகளுக்குள் நிற்க வேண்டும்.

பேச்சுக்கு அடுத்தது பழகிப் பார்த்தல். இதில் முன்மாதிரி நாஷ்வில் நகரம். கொரியப் போர்க்காலத்தில் இராணுவத்தில் சேர மறுத்துச் சிறை சென்ற ஜேம்ஸ் லாசன், விடுதலைக்குப் பின் நாகபுரியின் ஹிஸ்லாப் கல்லூரியில் மூன்று ஆண்டுகள் பணியாற்றி, காந்தியின் வழிமுறைகளை ஊன்றிக் கற்றவர். 1959 இலையுதிர்காலத்தில் நாஷ்வில் தேவாலயம் ஒன்றில் வாரந்தோறும் அவர் நடத்திய பயிலரங்குகளுக்குக் கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். டயேன் நாஷ், ஜான் லூயிஸ், ஜேம்ஸ் பெவல், பெர்னார்ட் லஃபயெட் போன்ற பெயர்கள் பின்னாளில் நாடறிந்தவை. அப்போது அவர்கள் இருபது வயதை ஒட்டிய மாணவர்கள். எதை எதிர்ப்பது என்பதையே மாதக்கணக்கில் விவாதித்தார்கள். நகர மையத்துக் கடைகளில் கறுப்பினப் பெண்கள் பொருள் வாங்கலாம், ஆனால் குழந்தையோடு உட்கார்ந்து ஒரு வாய் உண்ணவோ கழிப்பறைக்குப் போகவோ முடியாது என்று அந்தப் பெண்களே முறையிட்டார்கள். கடைகளின் உணவு மேடைகளை இலக்காகத் தேர்ந்தெடுத்ததில் இந்த முறையீட்டுக்குப் பெரும்பங்கு உண்டு.

பிறகு ஒத்திகை. நாற்காலிகளை உணவு மேடைபோல் வரிசையாகப் போட்டுச் சிலர் வாடிக்கையாளர்களாக உட்கார்வார்கள். மற்றவர்கள் வசைபாடுவார்கள், பிடித்துத் தள்ளுவார்கள், நாற்காலியிலிருந்து இழுத்துப் போடுவார்கள், முகத்தில் புகையூதுவார்கள். விழுந்தால் தலையைக் காத்துக்கொள்வது எப்படி, அடிபடுகிறவருக்கும் அடிப்பவருக்கும் இடையே கைநீட்டாமல் புகுந்து நிற்பது எப்படி என்று பழகுவார்கள். அப்புறம் பாத்திரங்கள் இடம் மாறும். அடிக்கும் பாத்திரத்தில் நடித்தவருக்குத் தம் கோபம் எவ்வளவு எளிதாகக் கிளம்பியது என்பது அதிர்ச்சியாக இருக்கும். சினத்தை அடக்க முடியாதவர் அதை அந்த அறையிலேயே கண்டுகொண்டு, மேடையில் உட்காரும் பணியை விட்டு வண்டி ஓட்டவோ தொலைபேசிப் பணிக்கோ போகலாம். இதில் இழிவு ஏதுமில்லை என்பதை வழிநடத்துபவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒத்திகையில் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. நடிப்பை எந்த நொடியிலும் நிறுத்த ஒரு குறிச்சொல் வேண்டும். உண்மையிலேயே அடியும் அவமானமும் பட்டவர்கள் அந்த அறையில் இருப்பார்கள். நடிப்பு எவ்வளவு நேரமோ அதைவிடக் கூடுதல் நேரம் அதைப் பற்றிய பேச்சுக்கு ஒதுக்க வேண்டும். பேசித் தீர்க்காமல் கலைந்தால், நடிப்பில் சொன்ன வசை இரவு உணவு வரைக்கும் கூடவே வரும்.

அறைக்குள் பழகியதைச் சிறிய அளவில் வெளியே சோதித்துப் பார்த்ததும் நாஷ்வில் குழுவின் சிறப்பு. 1959 நவம்பர், டிசம்பரில் சிறு குழுக்களாக இரண்டு கடைகளுக்குப் போனார்கள். பொருள் வாங்கினார்கள், உணவு மேடையில் உட்கார்ந்தார்கள், பரிமாற மறுத்ததும் மேலாளரிடம் காரணம் கேட்டுவிட்டு எழுந்து வந்தார்கள். நடந்ததைத் திரும்ப வந்து அலசினார்கள். 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு மாணவர்கள் ஒரு கடையின் உணவு மேடையில் உட்கார்ந்த செய்தி நாடெங்கும் பரவியபோது நாஷ்வில்லில் ஆயத்தமான படையே இருந்தது. பிப்ரவரி 13 அன்று 124 பேர் மூன்று கடைகளில் உட்கார்ந்தார்கள். பிப்ரவரி 27 அன்று உட்கார்ந்திருந்தவர்கள்மீது தாக்குதல் நடந்தது. கைதானவர்கள் 81 மாணவர்கள், தாக்கியவர்கள் அல்ல. ஓர் அணி கைதானதும் அடுத்த அணி வந்து அதே இருக்கைகளில் உட்கார்ந்தது. திருப்பி அடிக்காதே, வைதால் வையாதே, வாசலை மறிக்காதே, நேராக உட்கார், எப்போதும் மேடையைப் பார்த்திரு என்பன போன்ற விதிகளை ஒரு தாளில் அச்சிட்டுக் கையில் கொடுத்திருந்தார்கள். நூறு பக்கக் கையேட்டைவிட அந்தத் தாளே பயன்பட்டது. மே 10 அன்று ஆறு கடைகளின் உணவு மேடைகள் கறுப்பின மக்களுக்குத் திறந்தன.

பாட்டைக் களைப்பு நீக்கும் இடைவேளையாக நினைப்பது தவறு. ஹைலாண்டரின் இசைப் பொறுப்பாளர் ஜில்ஃபியா ஹார்ட்டன், ஒவ்வொரு குழுவும் கொண்டுவரும் பாடல்களைச் சேகரித்து மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். சார்ல்ஸ்டன் புகையிலைத் தொழிலாளர்கள் 1945–46 வேலைநிறுத்தத்தில் பாடிய ஒரு பாடல் அப்படித்தான் அங்கே வந்து, பாடகர் பீட் சீகரிடமும் மற்றவர்களிடமும் போய், உலகெங்கும் போராட்டக் களங்களில் ஒலிக்கும் ‘வீ ஷல் ஓவர்கம்’ ஆயிற்று. 1959 ஜூலை 31 இரவு காவல்துறை ஹைலாண்டரில் புகுந்து சோதனையிட்டபோது, இருட்டில் உட்காரவைக்கப்பட்ட இளைஞர்கள் அதையே பாடினார்கள். அச்சமில்லை என்னும் பொருளில் ஓர் அடியையும் அப்போது சேர்த்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் தெரிந்த நான்கு பாட்டுகள் ஒரு குழுவிடம் இருந்தால், சிறை வண்டியிலும் அது குழுவாகவே இருக்கும்.

வேறுபட்ட பின்னணியினர் கூடும் இடத்தில் உரசல் வரும். 1964 ஜூனில் ஓஹையோ மாநிலத்து ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பெண்கள் கல்லூரியில், கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்ய மிசிசிப்பிக்குப் போகவிருந்த நூற்றுக்கணக்கான தொண்டர்களுக்கு, இரண்டு அணிகளாகப் பயிற்சி நடந்தது. பெரும்பாலோர் வடபுலத்து வெள்ளை மாணவர்கள். பயிற்றுவித்தவர்கள் மிசிசிப்பியில் அடிபட்டு வந்த இளம் கறுப்பினக் களப்பணியாளர்கள். வாக்காளர் பதிவை மறுத்துவந்த ஓர் அதிகாரியைக் காட்டிய ஆவணப்படம் ஓடியபோது, அவருடைய தோற்றத்தையும் பேச்சையும் பார்த்துத் தொண்டர்கள் சிரித்தார்கள். அந்த அதிகாரியின் முன்னால் நின்று அவமானப்பட்டவர்களுக்கு அது சிரிப்பாக இல்லை. சிலர் எழுந்து வெளியேறினார்கள். அன்றிரவு நடந்த காரசாரமான பேச்சில் இரு தரப்பும் மனத்தில் இருந்ததைக் கொட்டியது. அதற்குப் பிறகுதான் ஒருவரை ஒருவர் நம்பத் தொடங்கினார்கள். அப்படி ஒரு சண்டை வெடிக்கும்போது நிரலைத் தள்ளிவைத்து அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். அதை அமுக்கி அடுத்த அமர்வுக்குப் போகும் அமைப்பாளர், அது களத்தில் வெடிக்கத் திரி வைக்கிறார். அந்தக் களத்தில் ஆபத்து மெய்யானது. இரண்டாம் அணியின் பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போதே, முதல் அணியோடு மிசிசிப்பி சென்ற மூவர் ஜூன் 21 அன்று காணாமல்போன செய்தி வந்தது. போக விரும்பாதவர் இப்போதே விலகலாம் என்று அந்தத் திட்டத்தை வழிநடத்திய பாப் மோசஸ் தொண்டர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். பெரும்பாலோர் விலகவில்லை.

உரசலைக் குறைக்க மற்றொரு வழி, முதலில் பிரித்து அமர்த்தி அப்புறம் சேர்ப்பது. 1960 ஏப்ரலில் ராலி நகரின் ஷா பல்கலைக்கழகத்தில் உள்ளிருப்புப் போராட்ட மாணவர்களைக் கூட்டிய எல்லா பேக்கர், தென்மாநில மாணவர்கள் தங்களுக்குள் முதலில் பேசிக்கொள்ள இடம் தந்தார். வடபுலத்து மாணவர்கள் சரளமாகப் பேசக்கூடியவர்கள். முதல் நாளே கலந்திருந்தால் அடிபட்டவர்களின் குரல் அடங்கியிருக்கும். மாணவர்களைத் தங்கள் இளைஞர் பிரிவாக்கிக்கொள்ளப் பெரிய அமைப்புகள் விரும்பியபோதும், முடிவை மாணவர்களிடமே விடச் செய்தார் அவர். அந்தக் கூடலில் பிறந்தது மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழு. பெண்களோ, சிறுபான்மையினரோ, மொழி தெரியாதவர்களோ உள்ள எந்தக் கூடலிலும் இம்முறையைப் பயன்படுத்தலாம். மொழியைப் பொறுத்தவரை, ஒரு மூலையில் ஒருவர் கிசுகிசுத்து மொழிபெயர்ப்பது போதாது. பிற்காலத்தில் ஸ்பானிய மொழி பேசும் குடியேறிகள் வரத் தொடங்கியபோது, ஹைலாண்டர் உடனுக்குடன் மொழிபெயர்க்கும் ஏற்பாட்டை அடிப்படைத் தேவையாகவே கருதியது.

கண்காணிப்பு இருக்கும் என்று எடுத்துக்கொண்டே ஏற்பாடு செய்ய வேண்டும். 1957இல் ஹைலாண்டரின் 25ஆம் ஆண்டு விழாவுக்கு வந்த படப்பிடிப்பாளர் ஒருவர் ஜார்ஜியா மாநில அரசின் ஆள் என்பது பிறகே தெரிந்தது. அவர் எடுத்த படம், மார்ட்டின் லூதர் கிங் கம்யூனிஸ்ட் பயிற்சிப் பள்ளியில் இருப்பதாகச் சொல்லும் பெரும் விளம்பரப் பலகைகளாகத் தென்மாநிலச் சாலைகளில் நின்றது. யார் படம் எடுக்கலாம், யார் பெயர் பட்டியலில் வரலாம் என்பதை வந்தவர்களிடமே கேட்டு முடிவு செய்வது குறைந்தபட்சக் கடமை. கணக்கு வழக்கும் இதில் சேரும். உரிமம் இல்லாமல் பீர் விற்றது, ஹார்ட்டன் பெயரில் வீடும் நிலமும் மாற்றப்பட்டதால் தனிப்பட்ட ஆதாயம் அடைந்தது போன்ற குற்றச்சாட்டுகளை வைத்தே டென்னசி அரசு 1961இல் பள்ளியின் பதிவை ஒழித்துச் சொத்துகளை ஏலம் விட்டது. உண்மைக் காரணம் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்திருந்தது. ஆனால் பிடி கிடைத்தது சில்லறை விஷயங்களில். ரசீது, உரிமம், சொத்துப் பத்திரம் ஆகியவற்றைச் சலிப்பான வேலை என்று தள்ளும் அமைப்புகள் இதை நினைவில் வைக்கலாம். பள்ளி புதிய பெயரில் நாக்ஸ்வில்லில் மறுபடி தொடங்கியது, பின்னர் நியூ மார்க்கெட்டுக்கு மாறியது. 2019 மார்ச்சில் அதன் அலுவலகம் தீக்கிரையானது. அங்கே வெள்ளையின வெறிக் குழுக்களின் குறியீடு வரையப்பட்டிருந்தது. ஆவணங்களின் நகலை வேறிடத்தில் வைப்பது ஏன் அவசியம் என்பதற்குத் தனி விளக்கம் வேண்டியதில்லை.

கடைசி அமர்வு, ஊருக்குப் போய் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு உரியது. பதில் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. மாண்ட்கோமரியில் மக்கள் ஒன்றுபட மாட்டார்கள், தான் இளைஞர்களோடு வேலை செய்வேன் என்பதுதான் ரோசா பார்க்ஸ் சொன்ன பதில். நான்கு மாதத்துக்குள், 1955 டிசம்பர் 1 அன்று, அவர் பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட்டு எழுந்திருக்க மறுத்தார். ஒன்றுபட மாட்டார்கள் என்று அவர் நினைத்த மக்கள் 381 நாள் பேருந்தைப் புறக்கணித்தார்கள். ஒரு பயிலரங்கின் விளைவை அதன் கடைசி நாள் கருத்துப் படிவத்தில் அளக்க முடியாது. ஆனால் யார், எதை, எந்தத் தேதிக்குள், யார் துணையோடு என்பதை எழுதி வாங்கலாம். ஒரு மாதம் கழித்து நேரில் போய்ப் பார்க்கலாம்.

நேரில் போய்ப் பார்த்ததால்தான், ஜென்கின்ஸின் கேள்வியிலிருந்து பிறந்த ஜான்ஸ் தீவின் முயற்சி நிலைத்தது. அங்கே முன்பு நடந்த முதியோர் வகுப்புகளில் வளர்ந்தவர்களைச் சிறுவர் மேசைகளில் மடக்கி உட்காரவைத்துக் குழந்தைப் பாடப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். யார் திரும்பி வருவார்? 1957 ஜனவரியில் தொடங்கிய புதிய வகுப்பு ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் நடந்தது. முன்னால் கடை இருந்ததால் வெள்ளையர் கண்ணை அது உறுத்தவில்லை. ஆசிரியர் பெர்னிஸ் ராபின்சன் அழகுநிலையம் நடத்தியவர், தையலும் தெரிந்தவர். அவருடைய வாடிக்கையாளர்கள் கறுப்பினப் பெண்கள் என்பதால், வெள்ளை முதலாளி யாரும் அவரை வேலையை விட்டு நீக்கிவிட முடியாது. தான் ஆசிரியரல்ல, சேர்ந்தே கற்போம் என்று சொல்லி, என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று முதல் இரவே கேட்டார். பதினான்கு பேர் வந்திருந்தார்கள். பெயரெழுத வேண்டும், பணவிடைத் தாளை நிரப்ப வேண்டும், பைபிள் வாசிக்க வேண்டும், வாக்களிக்க வேண்டும் என்றார்கள், அவையே பாடத்திட்டமாயின.

வகுப்புகள் பக்கத்துத் தீவுகளுக்கும் சார்ல்ஸ்டனுக்கும் பரவின. ஹைலாண்டருக்கு அது மேற்பார்க்க முடியாத அளவுக்குப் பெரிதாகி, பள்ளியும் மூடப்படும் நிலை வந்தபோது, 1961இல் முழுத் திட்டமும் கிங்கின் தென்னகக் கிறிஸ்தவத் தலைமை மாநாட்டுக்குக் கைமாறியது. செப்டிமா கிளார்க், டாரதி காட்டன், ஆண்ட்ரூ யங் மூவரும் ஜார்ஜியாவின் டார்செஸ்டர் மையத்தில் பயிற்சியைத் தொடர்ந்தார்கள். மிசிசிப்பியின் வாக்குரிமைப் போராளி ஃபேனி லூ ஹேமர் இந்தத் திட்டத்தில் பயிற்சி பெற்றவர்களில் ஒருவர். வந்தவர்களில் பலர் அதிகம் படித்திராதவர்கள். ஐந்து நாள் தங்கி, ஊருக்குத் திரும்பித் தாமே வகுப்பு தொடங்குவது அவர்கள் ஏற்றுக்கொண்ட வேலை. ஹைலாண்டர் அதைத் திரும்பக் கேட்கவில்லை; அப்பலாச்சிய மலைமக்களின் சுரங்கத் தொழில், நிலவுடைமைச் சிக்கல்களின் பக்கம் நகர்ந்தது.